வீல் அதேதான், வயர்தான் வேறு: தலைவர்கள் பறக்கும் விமானத்துக்குள் என்ன இருக்கிறது?

2024 அக்டோபர் 11, ஆயுத பூஜை. திருவாரூர் கீழவீதிப் பக்கம் ஒரு டூவீலர் ஒர்க்ஷாப்பில் நின்றுகொண்டிருந்தேன். வண்டிகளைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, கதம்பம் சுற்றி வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் காத்திருந்தது. தாம்பாளத்தில் பொரி, கடலை, சுண்டல். பூஜை முடிந்தும் யாரும் பொரியில் கை வைக்கவில்லை. எல்லோரும் ஒரே போனைச் சுற்றி நின்றோம்.

திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்கு மாலை 5.40 வாக்கில் 141 பயணிகளோடு கிளம்பிய போயிங் 737 விமானம், ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் அமைப்பு) கோளாறு காரணமாக மேலே போகவும் முடியாமல் உடனே இறங்கவும் முடியாமல் திருச்சி, புதுக்கோட்டை வானத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. போனில் இருந்த வரைபடத்தில் அதன் தடம், நூல்கண்டு சுற்றியதுபோல ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்துகொண்டே இருந்தது. ரன்வே ஓரத்தில் ஆம்புலன்ஸ்களும் தீயணைப்பு வண்டிகளும் வந்து நின்றன. ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். எட்டே கால் மணி வாக்கில் விமானம் பத்திரமாக இறங்கியதும், ஒர்க்ஷாப்பில் இருந்த ஒரு பெரியவர் தியாகேசா என்று தலைக்கு மேல் கைகுவித்தார்.

மெக்கானிக் மட்டும் யோசனையிலேயே இருந்தார். "அண்ணே, பிரதமர் போற பிளேன்ல இப்படி ஆச்சுன்னா என்ன செய்வாங்க? அதுக்கு வேற மாதிரி வீலு, வேற மாதிரி பிரேக்குன்னு வச்சிருப்பாங்களோ?"

நல்ல கேள்வி. அன்றைக்கு அரைகுறையாக ஏதோ சொன்னேன். முழுப் பதில் இதுதான்.

வீல் அதேதான். பிரேக் அதேதான். ஹைட்ராலிக்கும் அதேதான். இந்தியக் குடியரசுத் தலைவரும் பிரதமரும் நெடுந்தூரம் செல்லும் விமானம் போயிங் 777-300 இ.ஆர். ரகம். வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் பயணிக்கும் அதே ரகம். அதன் 14 சக்கரங்களும், ஒன்று போனால் இன்னொன்று தாங்கும் மூன்று தனித்தனி ஹைட்ராலிக் அமைப்புகளும் பயணிகள் விமானத்தில் இருப்பவையே. அடிப்படை உடலைப் பெரும்பாலும் யாரும் தொடுவதில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு ரக விமானம் உலகம் முழுக்க நூற்றுக்கணக்கில் தினமும் பறக்கிறது என்றால், அதன் ஒவ்வொரு பலவீனமும் எங்கோ ஒரு விமானத்தில் தென்பட்டு, சரிசெய்யப்பட்டு, கையேட்டில் ஏறிவிடும். உதிரிபாகம் எந்த நாட்டிலும் கிடைக்கும். ஓட்டத் தெரிந்த விமானிகளும் பழுதுபார்க்கத் தெரிந்த பொறியாளர்களும் ஏற்கெனவே இருக்கிறார்கள். இரண்டே இரண்டு விமானத்துக்காகப் புதிதாக ஒன்றை வடிவமைத்தால் இந்த அனுபவம் எதுவும் கிடைக்காது. அதனால்தான் அமெரிக்காவிலிருந்து ஜப்பான் வரை எல்லோரும் பயணிகள் விமானத்தை எடுத்து மாற்றிக்கொள்கிறார்கள்.

அன்றைக்குத் திருச்சி விமானம் ஏன் சுற்றியது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 737-800 விமானம் சுமார் 79 டன் எடையோடு மேலேறலாம். ஆனால் இறங்கும்போது 66 டன் அளவுக்குள் இருக்க வேண்டும். நடுவில் இருக்கும் வித்தியாசம் பெரும்பாலும் எரிபொருள். நெடுந்தூரப் பெரிய விமானங்கள் பலவற்றில் எரிபொருளை வானிலேயே வெளியே கொட்ட வழி உண்டு. 777-லும் உண்டு. 737-ல் அது கிடையாது. எரித்துத்தான் தீர்க்க வேண்டும். ஆக, சுற்றியது நிதானத்தின் அடையாளம். நம் விமானப்படையின் டெல்லி வி.ஐ.பி. படைப்பிரிவில் உள்ள மூன்று போயிங் பிசினஸ் ஜெட்களும் 737 வகையைச் சேர்ந்தவை. 2009 வாக்கில் வந்தவை. உள்நாட்டுப் பயணத்துக்கும் அக்கம்பக்கத்து நாடுகளுக்கும் இவையே அதிகம் பயன்படுகின்றன. அவற்றில் ஒன்றுக்கு இதே கோளாறு வந்தால், உள்ளே யார் இருந்தாலும் அதுவும் சுற்றத்தான் செய்யும்.

அப்படியானால் மாற்றியது எதை?

கரூரும் டல்லாஸும்

திருச்சி பைபாஸில் அடிக்கடி ஒரு காட்சி காணலாம். பஸ்ஸின் வெறும் எலும்புக்கூடு ஓடிவரும். எஞ்சின், சக்கரம், ஸ்டியரிங், அவ்வளவுதான். கண்ணாடி கிடையாது, கூரை கிடையாது. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு டிரைவர் வெயிலில் உட்கார்ந்து ஓட்டிவருவார். அந்த சேஸிஸ் கரூருக்குப் போகிறது. அங்கே பாடி கட்டி, சீட் போட்டு, லைட் மாட்டி, பெயின்ட் அடித்து அனுப்புவார்கள். வாங்குபவர் கேட்கும்படி ஸ்லீப்பர், புஷ்பேக், டவுன் பஸ் என எதுவாகவும் ஆகும்.

பணக்காரர்களும் அரசுகளும் வாங்கும் தனி விமானங்களில் பல இதே முறையில்தான் உருவாகின்றன. தொழிற்சாலையிலிருந்து உள்ளே எதுவும் இல்லாமல், துருத் தடுக்கும் பச்சைப் பூச்சோடு வெளியே வரும். அதனால் அந்த நிலைக்கே 'கிரீன்' விமானம் என்று பெயர். ஜெர்மனியின் ஹாம்பர்க், சுவிட்சர்லாந்தின் பாசெல் போன்ற ஊர்களில் இதற்கென்றே பட்டறைகள் உண்டு. அங்கே ஓராண்டு, சில நேரம் அதற்கும் மேல் நின்று உள்வேலை முடியும். சோபாத் துணி, தரைவிரிப்பு, மர அலங்காரம் எதுவானாலும் தீச்சோதனையில் தேறினால்தான் உள்ளே போகும். நாற்காலி, புவியீர்ப்பைப் போல 16 மடங்கு விசையில் குலுக்கினாலும் பிய்ந்துவரக் கூடாது. வீட்டு ஆசாரி செய்கிற கட்டிலை அப்படியே விமானத்தில் போட முடியாது.

ஆனால் பாடி கட்டி, சீட் போட்டு, ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கும் பஸ்ஸைக் கொண்டுவந்து, 'எல்லாவற்றையும் கழற்று, வேறு மாதிரி கட்டு' என்றால்? கரூரில் எந்தப் பட்டறைக்காரரும் முதலில் தயங்குவார். நம் 777 இரண்டுக்கும் நடந்தது அதுதான். 2018 தொடக்கத்தில் ஏர் இந்தியாவுக்கு வந்த இரண்டு விமானங்கள் சில மாதம் சாதாரணப் பயணிகளை ஏற்றிப் பறந்தன. பிறகு அமெரிக்காவின் டல்லாஸில் மறுவேலைக்கு நின்றன. முதலாவது 2020 அக்டோபர் 1 அன்று டெல்லி வந்தது, இரண்டாவது அதே மாதக் கடைசியில். மொத்தச் செலவாக அப்போது பேசப்பட்ட தொகை சுமார் 8,400 கோடி ரூபாய். புதிய விமானத்தில் குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் 2020 நவம்பர் 24 அன்று மேற்கொண்ட முதல் பயணமே சென்னைக்குத்தான். திருமலை தரிசனத்துக்காக அந்த வழியே சென்றார்.

அதற்கு முன் பல ஆண்டுகள் ஏர் இந்தியாவின் ஜம்போ 747-தான் இந்த வேலையைச் செய்தது. பயணம் வரும்போது சேவையிலிருந்து ஒன்றை எடுத்து, முன்பகுதி இருக்கைகளைக் கழற்றி, படுக்கையும் அலுவல் அறையும் பொருத்தி, பயணம் முடிந்ததும் பழையபடி ஆக்குவார்கள். கல்யாணத்துக்கு வீட்டுக் கூடத்தை ஒழித்து மணவறை போட்டு, மறுநாள் பிரிப்பதைப் போல. ஓட்டியவர்கள் ஏர் இந்தியா விமானிகள். இப்போதைய 777-ஐ ஓட்டுபவர்கள் விமானப்படையினர்.

383 கிலோமீட்டர் வயர்

8,400 கோடி என்றதும் மனம் தங்கக் குழாய்க்கும் பட்டு மெத்தைக்கும் போகிறது. டீக்கடையில் இதைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் 'உள்ளே நீச்சல் குளம் இருக்காம்' என்று யாராவது சொல்லாமல் இருப்பதில்லை. பணம் போகும் இடம் அது கிடையாது. கட்டிலும் நாற்காலியும் மொத்தத்தில் ஒரு துளி. மாற்றிக் கட்டும் செலவில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாத இடத்தில், சுவருக்குப் பின்னால் ஓடும் வயரில் இருக்கிறது.

அமெரிக்க அதிபரின் விமானத்தைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லப்பட்ட விவரங்கள் அதிகம் என்பதால் அதையே உதாரணமாக எடுக்கிறேன். வி.சி.-25ஏ என்ற பெயரில் இரண்டு 747-200 விமானங்கள் 1990 முதல் பறக்கின்றன. 'ஏர் ஃபோர்ஸ் ஒன்' என்பது விமானத்தின் பெயரே கிடையாது. அதிபர் ஏறியிருக்கும் எந்த விமானப்படை விமானத்தையும் தரைக்கட்டுப்பாடு அழைக்கும் பெயர் அது. 1953-ல் ஐசன்ஹோவரின் விமானமும் ஒரு பயணிகள் விமானமும் ஒரே 8610 என்ற எண்ணோடு அருகருகே பறந்து குழப்பம் வந்தபின் பிறந்த வழக்கம். அந்த 747-க்குள் 85 தொலைபேசிகள், ஒரே நேரத்தில் 100 பேருக்குச் சமைக்கும் இரண்டு சமையலறைகள், அறுவைச் சிகிச்சை செய்யத்தக்க மருத்துவ அறை. ஓடும் வயரின் நீளம் 238 மைல், அதாவது 383 கிலோமீட்டர். திருச்சியில் ஒரு முனையை வைத்து நெடுஞ்சாலை வழியே இழுத்துக்கொண்டு போனால் சென்னையைத் தாண்டியும் 50 கிலோமீட்டர் மிச்சம் இருக்கும். சாதாரண 747-ல் இருப்பதைப் போல இரண்டு மடங்கு.

அந்த வயரும் சாதாரண வயர் இல்லை. கோடை இடியின்போது நம் வீடுகளில் டிவி ப்ளக்கைப் பிடுங்கிப் போடுகிறோம். மின்னல் பக்கத்தில் விழுந்தாலே போதும், கம்பி வழியே பாயும் திடீர் அழுத்தம் பெட்டியைக் கருக்கிவிடும். அணுகுண்டு வெடித்தால் எழும் மின்காந்த அலை, அதைவிடப் பல மடங்கு வேகத்தில் இதே வேலையைச் செய்யும். பறக்கும் விமானத்தில் ப்ளக்கைப் பிடுங்க முடியாது. எனவே ஒவ்வொரு வயருக்கும் உலோகக் கவசம், ஒவ்வொரு இணைப்புக்கும் காப்பு. கவசம் சேர்ந்தால் எடை, எடை சேர்ந்தால் எரிபொருள், எரிபொருள் சேர்ந்தால் மீண்டும் எடை.

குடியிருக்கும் வீட்டில் புதிதாக வயரிங் மாற்றியவர்களுக்கு இந்த அவஸ்தை தெரியும். கட்டும்போதே பைப் பதித்திருந்தால் ஒரு நாள் வேலை. பூச்சு முடிந்து பெயின்ட் அடித்த சுவரில் காடி எடுத்துப் போடுவது பத்து நாள் வேலை. விமானத்தில் அந்தச் சுவர், காற்றழுத்தத்தைத் தாங்கும் தோல். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் வெளியே காற்று மெலிந்திருக்க, உள்ளே நாம் மூச்சுவிடும்படி அழுத்தம் வைத்திருக்கிறார்கள். அந்த வித்தியாசம், ஒவ்வொரு சதுர மீட்டர் தோலையும் ஏறத்தாழ 6 டன் விசையோடு வெளியே தள்ளும். கொள்முதல் நிலையத்து 40 கிலோ நெல் சிப்பம் 150-ஐ ஒரு மேசை அகலத்தில் அடுக்கியதுபோல. அந்தத் தோலில் செயற்கைக்கோள் ஆன்டெனாவுக்காக ஒரு துளை போட வேண்டுமானால், சுற்றிலும் ஒட்டுத்தகடு வைத்து வலுவேற்றி, கணக்குப் போட்டு, சோதித்து, சான்று வாங்க வேண்டும். வி.ஐ.பி. விமானத்தின் முதுகில் தெரியும் ஒவ்வொரு திமிலுக்குப் பின்னாலும் இப்படி ஒரு வேலை இருக்கிறது.

இவ்வளவு பாடு எதற்கு? தொடர்பு அறுந்தால் ஆட்சி அறுந்துவிடும் என்பதற்காக.

2001 செப்டம்பர் 11 அன்று அதிபர் புஷ் ஃப்ளோரிடாவின் சரசோட்டாவிலிருந்து அதே வி.சி.-25ஏ-யில் கிளம்பினார். லூசியானா, நெப்ராஸ்கா என்று இரண்டு ராணுவத் தளங்களில் இறங்கி, மாலையில்தான் வாஷிங்டன் திரும்பினார். நடுவானில் இருந்தபோது தொலைபேசி இணைப்பு அறுந்து அறுந்து கிடைத்தது. தொலைக்காட்சியோ, கீழே கடக்கும் ஊர்களின் அலைவரிசை எட்டும்போது தெரிந்து, தாண்டியதும் மறைந்தது. இத்தனை தொலைபேசி உள்ள விமானத்தில் உட்கார்ந்துகொண்டு, தன் நாட்டு மக்களிடம் வானிலிருந்து பேச முடியாத நிலை. அதன்பிறகுதான் அதன் தொடர்புக் கருவிகளைப் பெரிய அளவில் மாற்றினார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு 2018 நவம்பர் 16 நினைவுக்கு வந்தது. கஜா கரையேறிய விடியல். முத்துப்பேட்டைப் பக்கம் அம்மாவின் ஊரில் தென்னை எல்லாம் சாய்ந்து கிடந்தன. கரன்ட் இல்லை, டவர் இல்லை. பக்கத்து ஊரில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரியாது. உயரமான மாடி ஒன்றில் ஏறி, போனைத் தூக்கிப் பிடித்து, ஒரு கோடு சிக்னல் வந்ததும் கத்தி அழைத்தவர்களைப் பார்த்தேன். அரசு என்பது கட்டடமோ காரோ இல்லை, யாரோ ஒருவர் கேட்கவும் பதில் சொல்லவும் கூடிய கம்பிதான் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. தலைவர் விமானத்தில் ஏறினால் அந்தக் கம்பியும் கூடவே ஏற வேண்டியிருக்கிறது. நம் கோயில்களில் மூலவர் கருவறையில் இருக்க, உற்சவர் வீதிக்கு வருவார். எழுந்தருளும் இடத்தில்தான் அன்றைக்கு ஆராதனை, நைவேத்தியம் எல்லாம். எதுவும் குறைவதில்லை. இந்த விமானங்களை நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

பாதுகாப்புக் கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் 777-களுக்கான தற்காப்புத் தொகுதிகளை விற்க அமெரிக்கா 2019 பிப்ரவரியில் ஒப்புதல் அளித்தது. மதிப்பு 190 மில்லியன் டாலர். தோளில் வைத்து ஏவும் ஏவுகணை, எஞ்சினின் வெப்பத்தைத் தேடி வரும். அது கிளம்பும் தீப்பிழம்பை விமானத்தைச் சுற்றியுள்ள உணரிகள் கண்டவுடன், சிறு கோபுரம் ஒன்று திரும்பி ஏவுகணையின் 'கண்' மீது லேசரைப் பாய்ச்சும். கண் கூசி வழிதவறும். விமானி எதையும் அழுத்த வேண்டியதில்லை. இத்தகைய ஏவுகணை எட்டுவது சில கிலோமீட்டர்தான். ஆகவே ஆபத்து, ஏறும்போதும் இறங்கும்போதும். வி.ஐ.பி. வருகையின்போது விமான நிலையத்தைச் சுற்றியுள்ள வயல், தோப்பு, மொட்டைமாடி எல்லாம் போலீஸ் ஏறி இறங்குவதும் டிரோனுக்குத் தடை போடுவதும் இதனால்தான்.

நம் ரன்வே

டெல்டாவுக்குத் தலைவர்கள் வருவது புதிதில்லை. 2024 ஜனவரி 2 அன்று திருச்சி விமான நிலையத்தின் புதிய முனையத்தைப் பிரதமர் திறந்துவைத்தார். அதே மாதம் 20-ஆம் தேதி ஸ்ரீரங்கம் வந்தார். 2025 ஜூலை 27 அன்று, ராஜேந்திர சோழனின் ஆடித் திருவாதிரை விழாவுக்குத் திருச்சியிலிருந்து ஹெலிகாப்டரில் கங்கைகொண்ட சோழபுரம் சென்றார். ஆனால் கடல்தாண்டிப் போகும் 777 முழு எரிபொருளோடு கிளம்ப மூன்று கிலோமீட்டர் அளவுக்கு ஓடுபாதை வேண்டும். அதன் உச்ச எடை 351 டன். திருச்சி ரன்வே இரண்டரை கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. குறைந்த எடையில் இறங்கி ஏறலாம் என்றாலும், இந்த ஊர்களுக்குப் பொருத்தமானது 737 தான். அந்த பிசினஸ் ஜெட் ஒரு சுவாரசியமான கலவை. 737-700-இன் குட்டையான உடல், 737-800-இன் வலுவான இறக்கையும் சக்கரத் தொகுதியும், வயிற்றில் கூடுதல் எரிபொருள் தொட்டிகள். உடலில் சுருங்கி, தூரத்தில் நீளும்.

351 டன் என்றேன். திருவாரூர்க்காரனுக்கு அந்த எண்ணைக் கேட்டதும் ஆழித்தேர்தான் கண்முன் வரும். அலங்காரம் முடிந்த தேரின் உயரம் 96 அடி, எடை சுமார் 300 டன் என்பது இங்கே எல்லோரும் சொல்லும் கணக்கு. மரச்சட்டமும் சிற்பங்களும் பழையவை. அதன்மேல் மூங்கிலும் தேர்ச்சீலையும் ஆண்டுதோறும் புதிதாகக் கட்டுவார்கள். கீழே சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் திருச்சி பெல் நிறுவனம் செய்து கொடுத்தவை. இருக்கும் தேருக்கு, அதன் அழகும் நடையும் கெடாமல், புதிய பிரேக்கைப் பொருத்துவது எவ்வளவு கவனமான வேலையோ, பறந்துகொண்டிருந்த விமானத்துக்குள் புதிய நரம்பு மண்டலத்தை நுழைப்பதும் அப்படிப்பட்ட வேலைதான்.

அந்த வேலை எவ்வளவு கடினம் என்பதற்கு அமெரிக்காவின் அடுத்த இரண்டு விமானங்களே சாட்சி. திவாலான ரஷ்ய நிறுவனம் டிரான்ஸ்ஏரோவுக்காகக் கட்டி, வாங்க ஆளில்லாமல் நின்ற இரண்டு 747-8 விமானங்களை எடுத்து மாற்றித்தர, 2018-ல் 3.9 பில்லியன் டாலருக்கு போயிங் ஒப்புக்கொண்டது. எவ்வளவு செலவானாலும் அதே விலைதான் என்பது ஒப்பந்தம். தயாரான விமானம் என்பதால் மலிவு என்று நினைத்தார்கள். 2024-ல் வர வேண்டியவை இன்னும் பல ஆண்டு தள்ளிப்போயின. போயிங்குக்கு நஷ்டம் இரண்டு பில்லியன் டாலரைத் தாண்டியது. உள்வேலைக்கு அமர்த்திய துணை ஒப்பந்த நிறுவனத்தோடு 2021-ல் உறவு முறிந்தது. செலவைக் குறைக்க, வானிலேயே எரிபொருள் வாங்கும் வசதியைப் புதியவற்றில் கைவிட்டார்கள். பழைய இரண்டிலும் அது உண்டு. 2025-ல் கத்தார் அரசு தன் 747-8 ஒன்றை அமெரிக்காவுக்குக் கொடுத்தபோது, பலர் கேட்ட ஒரு கேள்வி விலையைப் பற்றியதல்ல. இவ்வளவு காலம் வேறொரு நாட்டின் கையில் இருந்த விமானத்தின் ஒவ்வொரு வயரையும் பிரித்துப் பார்க்காமல் அதிபரை எப்படி ஏற்றுவது என்பதே.

அந்தப் பயத்துக்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. அதில் நம் விமானம் சம்பந்தப்பட்டிருக்கிறது. 1955 ஏப்ரல் 11, இந்தோனேசியாவின் பாண்டுங்கில் நடந்த ஆசிய-ஆப்பிரிக்க மாநாட்டுக்குச் சீனத் தூதுக்குழுவை ஏற்றிச்சென்ற ஏர் இந்தியாவின் 'காஷ்மீர் பிரின்சஸ்' கடலில் விழுந்து 16 பேர் இறந்தார்கள். ஹாங்காங்கில் நின்றிருந்தபோது வைக்கப்பட்ட குண்டு. இலக்கு சீனப் பிரதமர் சூ என்லாய். அவர் அந்த விமானத்தில் ஏறவில்லை. வானத்து ஏவுகணையைவிட, தரையில் நிற்கும்போது படும் ஒரு கை ஆபத்தானது. அதனால்தான் இந்த விமானங்களைச் சுற்றி இரவும் பகலும் காவல். படிக்கட்டைக்கூடச் சில விமானங்கள் தம் வயிற்றிலேயே வைத்திருக்கின்றன.

மற்ற நாடுகளை ஒரு சுற்று பார்த்தால், ரஷ்யா தன் சொந்த இல்யுஷின்-96-ஐ வைத்திருக்கிறது. ஜப்பான் 2019-ல் 747-ஐ ஓய்வுக்கு அனுப்பி, இரண்டு 777-300 இ.ஆர்.க்கு மாறியது. பிரிட்டன், போர் விமானங்களுக்கு எரிபொருள் நிரப்பும் ஏர்பஸ் 330 ஒன்றையே பிரதமருக்கும் அரச குடும்பத்துக்கும் பயன்படுத்துகிறது. எனக்கு அந்தச் சிக்கனம் பிடித்திருக்கிறது. மெக்சிகோவின் கதை வேறு. 218 மில்லியன் டாலருக்கு வாங்கிய போயிங் 787-ல் ஏறவே மாட்டேன் என்றார் அதிபர் லோபஸ் ஒப்ராடோர். விற்கப் பார்த்தார், ஆள் வரவில்லை. அதன் பெயரில் குலுக்கல் சீட்டுகூட நடந்தது. கடைசியில் 2023-ல் தஜிகிஸ்தான் சுமார் 92 மில்லியனுக்கு வாங்கியது. ஒருவருக்கென அளவெடுத்துத் தைத்ததை இன்னொருவர் எளிதில் வாங்க மாட்டார்.

ஓட்டுபவர்

எவ்வளவு கருவி வைத்தாலும், இந்த விமானங்களின் வரலாற்றில் உயிரைக் காத்ததும் பறித்ததும் விமானியறையில் எடுத்த முடிவுகள்தான்.

1977 நவம்பர் 4 இரவு, பிரதமர் மொரார்ஜி தேசாயை ஏற்றிவந்த விமானப்படையின் 'புஷ்பக்' என்ற டுபொலேவ்-124, அசாமின் ஜோர்ஹாட் அருகே தரையில் மோதியது. முன்பகுதி நொறுங்கி, விமானப்படையினர் ஐந்து பேர் அங்கேயே இறந்தார்கள். பின்னால் இருந்த பிரதமர் உயிர்பிழைத்தார். அக்கம்பக்கத்துக் கிராம மக்கள்தான் முதலில் ஓடிவந்தவர்கள். அந்த ஐந்து பேரையும் நாம் இன்னும் அதிகமாக நினைத்திருக்க வேண்டும்.

2010 ஏப்ரல் 10, ரஷ்யாவின் ஸ்மோலென்ஸ்க். போலந்து அதிபர் லேக் காச்சின்ஸ்கி உட்பட 96 பேரை ஏற்றிவந்த டுபொலேவ்-154, அடர்ந்த மூடுபனியில் இறங்க முயன்று மரங்களில் மோதியது. ஒருவரும் மிஞ்சவில்லை. மார்கழி விடியலில் கும்பகோணம் சாலையில் கார் ஓட்டியவர்களுக்கு மூடுபனி என்றால் என்னவென்று தெரியும். பத்தடிக்கு அப்பால் மாட்டுவண்டி நிற்பதுகூடத் தெரியாது. ஓரமாக நிறுத்திக் காத்திருப்பதே வழி. பின்சீட்டில் நாட்டின் தலைவர் இருக்கிறார், அவருக்காக விழா காத்திருக்கிறது என்னும்போது 'இங்கே இறங்க முடியாது' என்று சொல்லும் துணிச்சலை எந்தப் பட்டறையிலும் பொருத்த முடியாது. அதைப் பயிற்சியால்தான் வளர்க்க வேண்டும். அந்தச் சொல்லைக் கேட்டுக்கொள்ளும் பண்பைத் தலைவர்கள்தான் வளர்த்துக்கொள்ள வேண்டும்.

டெல்டா மண்ணிலிருந்து இந்த விமானங்களில் ஏறியவர் உண்டு. பட்டுக்கோட்டை அருகே ராஜாமடத்தில் பிறந்த ஆர்.வெங்கட்ராமன், 1987 முதல் 1992 வரை குடியரசுத் தலைவர். 1992-ல் சீனாவுக்குச் சென்ற முதல் இந்தியக் குடியரசுத் தலைவரும் அவரே. ராஜாமடம் வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்பு வரும்.

இனி மெக்கானிக்கின் கேள்விக்கு மிச்சப் பதில். 2018 நவம்பரில் ஜெர்மன் பிரதமர் மெர்க்கலின் ஏர்பஸ் 340, அர்ஜென்டினா போகும் வழியில் தொடர்புக் கருவி பழுதாகி, திரும்பிவந்து கொலோனில் இறங்கியது. அவர் மறுநாள் மாட்ரிட் போய், சாதாரணப் பயணிகள் விமானத்தில் ஏறி, ஜி-20 மாநாட்டுக்குத் தாமதமாகச் சென்றார். அதன்பின் ஜெர்மனி மூன்று புதிய ஏர்பஸ் 350 வாங்கியது. அமெரிக்கா இரண்டு வைத்திருப்பதும் நாம் இரண்டு வாங்கியதும் இதே காரணத்துக்காகத்தான். தலைவர் ஒன்றில் போகும்போது, இன்னொன்று எல்லாம் முடித்துத் தயாராக நிற்கும். 8,400 கோடியில் ஏறக்குறைய பாதி, பெரும்பாலான நாட்களில் சும்மா நிற்கும் விமானத்துக்கு. அந்தச் செலவு வேண்டாம் என்று வாதிட யாருக்கும் உரிமை உண்டு. வாதிடுபவர், எதை வேண்டாம் என்கிறோம் என்று தெரிந்துகொண்டு வாதிட வேண்டும் என்பதே என் ஆசை. மெத்தையை வேண்டாம் என்றால் மிச்சமாவது கொஞ்சம். வயரையும் இரண்டாவது விமானத்தையும் வேண்டாம் என்றால்தான் கோடிகள் மிச்சமாகும்.

போன வாரம் வண்டி சர்வீஸுக்குப் போனபோது மெக்கானிக்கிடம் இதையெல்லாம் சொன்னேன். ஒரு பைக்கின் டிஸ்க் பிரேக்கில் காற்று எடுத்துக்கொண்டிருந்தார். லிவரை அழுத்திப் பிடித்து, ஸ்பேனரால் நிப்பிளைச் சற்றுத் தளர்த்தி, குமிழி வெளியே வந்ததும் இறுக்கி, மறுபடி அழுத்தி. கடைசிக் குமிழி போகும்வரை விடவில்லை.

"அப்ப ஸ்டெப்னி பிளேன் ஒண்ணு கூடவே வச்சிருக்காங்கன்னு சொல்லுங்க," என்றார். பிறகு லிவரை இன்னொரு முறை அழுத்திப் பார்த்தார். "எதுவா இருந்தாலும் ஆயில்ல காத்து இருக்கக் கூடாதுண்ணே. அது யாரு ஓட்டினாலும் ஒண்ணுதான்."